எந்திரத் தமிழும் தோட்டத் தமிழும்

ஓர் எழுத்தைத் திறனாய்வோர் முதற்கண் எழுப்பும் வினா, அஃது எம்மண்ணில் நின்று பேசுகிறது என்பதாகும். 2022 நவம்பரில் சேட்ஜிபிடி வெளிவந்த பின்னர், கேட்ட அளவிலே கட்டுரையும் கடிதமும் வரைந்து தரும் எந்திரங்கள் மாணவர் கைக்கு எட்டிவிட்டன. அவை தரும் தமிழையும் இவ்வினாவால் அளந்து பார்த்தல் தமிழாசிரியர் கடனாகும்.

இவ்வெந்திரங்கள் நூல்களையும் இணையப் பக்கங்களையும் பெருந்திரளாகப் பயின்று, ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரக்கூடும் எனக் கணித்து எழுதுவன. ஆதலின் மிகுதியாக எழுதப்பட்டதே அவற்றுக்கு வழக்காகிறது. 2020இல் வந்த ஜிபிடி-3 பயின்ற சொற்களில் 100க்கு 90க்கு மேற்பட்டவை ஆங்கிலச் சொற்கள். தமிழின் பங்கு மிகச் சிறிது. அச்சிறு பங்கினுள் மலேசியத் தோட்டத் தமிழின் இடம் யாது?

பேராக்கின் கோலகங்சாரில் 1877இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் தமிழர் உழைத்தனர்; அவ்வுழைப்பினின்றே ஒரு சொல்வளமும் பிறந்தது. பெரட்டு, நிரை, மங்கு, கித்தா, ஆயாக் கொட்டகை என்பன அவற்றுட் சில. ‘பால்மரம் வெட்டப் போனாள்’ என்றால், மரம் சாயாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுத்தாள் என்பது பொருள். பெரும்பான்மை வழக்கையே பற்றி நிற்கும் எந்திரம், அவள் மரத்தை வீழ்த்தினாள் என்று கொள்ள இடமுண்டு. ஒரு வினை பிறழின் ஒரு வாழ்க்கையே பிறழ்ந்துவிடும்.

பிறர் எழுதித் தருதல் புதிதன்று. எழுத்தறியாத தொழிலாளிக்குத் தோட்டத்து ஆசிரியரோ கிராணியோ ஊர்க்கடிதம் எழுதித் தந்ததுண்டு. என்ன எழுதவேண்டும் என்று கேட்டே அவர் எழுதினார். எழுதியது அவர் கையாயினும் துயரமும் நலவிசாரிப்பும் தொழிலாளியுடையவை. இன்றைய மாணவனோ தலைப்பை மட்டும் தந்து, கருத்தையும் எந்திரத்திடமே இரந்து பெறுகிறான். இங்குதான் இழப்பு நேர்கிறது.

எனினும் பழியை எந்திரத்தின் மீதே சுமத்துதல் நேர்மையாகாது. மனப்பாடம் செய்த முன்னுரை, இடம் நோக்காது செருகிய பழமொழி, எவர்க்கும் பொருந்தும் முடிவுரை இவற்றுக்கு மதிப்பெண் வழங்கிய நாளிலேயே எந்திர நடை வகுப்பறையுள் புகுந்துவிட்டது.

சிங்கப்பூரில் 2023இல் வெளிவந்த சீ-லயன், தமிழையும் தென்கிழக்காசிய மொழிகளோடு சேர்த்துக்கொண்டது. அம்முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும் எழுதப்படாத சொல்லை எவ்வெந்திரமும் பயில இயலாது. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் வாழும் முதியோர் நாவில்தான் அச்சொற்கள் எஞ்சியுள்ளன. பாட்டியிடம் பெரட்டுக்களத்து விடியலைக் கேட்டு எழுதிவருமாறு மாணவனைப் பணித்தல் வேண்டும். பிழை திருத்த எந்திரம் துணைசெய்யட்டும். சொல்லவேண்டியதைப் பாட்டி சொல்வாள்.