பலிபீடமும் படைத்தலைவனும்

கணினிப் போர்விளையாட்டுக்களிற் படைத்தலைவன் பெரும்பாலும் களத்திற்கு மேலிருந்து நோக்கும் கண்ணாகவே அமைவான். அமெரிக்காவின் ஷைனி நிறுவனம் 2000இல் ஆக்கிய ‘சக்ரிபைஸ்’ (பலி) அவனைக் களத்தில் இறக்கியது. ஐந்து தெய்வங்களுள் ஒன்றிற்கு ஏவல்செய்யும் எல்ட்ரெட் என்னும் மந்திரவாதியாக நின்று, பூதப்படையை நடத்துவதோடு தானும் பொருதல் வேண்டும். வியூகமும் நேரடிப் போரும் இணைந்த இவ்வுருவமே அதன் சாதனை எனலாம்.

உள்ளடக்கம் யாது? இங்கு மூலதனம் ஆன்மாக்களே. வீழ்ந்தோரின் ஆன்மாக்களைத் திரட்டினாற் புதுப்படை எழும். பகைவனின் பலிபீடத்தை அழிக்கத் தன் படையினருள் ஒருவரையே அங்கு பலியிடல் வேண்டும். மந்திரவாதியோ வீழ்ந்தாலும் ஆவியாகித் திரிந்து மீண்டும் உடலெடுப்பான். தன் பீடம் அழியும்வரை அவனுக்கு இறுதிச் சாவில்லை. களம் பொதுவாயிற்று, சாவு பொதுவாகவில்லை.

இதனை வெறுங்கற்பனையென ஒதுக்குதல் எளிது. 2008இற் போர் கடந்துசென்ற பாப்பாமோட்டை முதலான மன்னார்க் கரையோரக் கிராமங்களை அறிந்த நாம் அவ்வாறு ஒதுக்க இயலாது. இறந்தோரை அடுத்த போருக்கு முதலாக்கும் தருக்கத்தை இவ்விளையாட்டு மறைக்கவில்லை. தன் பெயரிலேயே அறிவிக்கின்றது. அது அதன் நேர்மை. எனினும், பலியாவோரின் நிலையில் நின்று களத்தைக் காண அது ஒருகணமும் இடந்தரவில்லை. அதன் எல்லையும் அதுவே.