சுரண்டியும் சட்டமும்

கண்டி நகரத்தில் நின்றுகொண்டு பாலைவனம் என்ற சொல்லை உச்சரிப்பவனைப் பக்கத்தில் நிற்பவர் ஒரு கணம் ஏற இறங்கப் பார்ப்பார். ஆண்டுக்குச் சராசரியாக 2000 மில்லிமீற்றர் அளவில் மழை பெறுகின்ற, காலையில் கொடியில் போட்ட துணி மாலை வரை ஈரம் விடாத, மதிலெல்லாம் பாசி படர்ந்த ஊர் இது. இங்கே மணற்காடு எங்கிருந்து வரும் என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. 1994ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் திகதி நிறைவேறிய ஐக்கிய நாடுகளின் பாலைவனமாதலைத் தடுக்கும் உடன்படிக்கையும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்கிறது. வறண்ட நிலம், அரைகுறையாய் வறண்ட நிலம், ஓரளவே ஈரம் உள்ள நிலம் ஆகியவற்றில் நிகழும் சீர்கேட்டை மட்டுமே அது பாலைவனமாதல் என்று வரையறுத்து, பெய்யும் மழைக்கும் ஆவியாகக்கூடிய நீருக்கும் உள்ள விகிதம் 0.65ஐத் தாண்டிவிட்டால் அந்தப் பூமி தன் எல்லைக்குப் புறம்பானது என்று ஒதுக்கிவிடுகிறது. 1998இல் இலங்கை இதில் சேர்ந்துகொண்டது. ஆனால் இத்தீவின் மண் பெருமளவிற் கரைந்துபோவது ஹம்பாந்தோட்டையின் முட்புதர்களிலோ மன்னாரின் மணற்றிட்டுகளிலோ அன்று. மழையும் சரிவும் ஒருங்கே மிகுந்த கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளிலேயே. ஆகவே நம் அதிகாரிகள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: 2015 முதல் 2024 வரைக்கென வகுத்த தேசிய செயற்றிட்டத்துக்குப் பாலைவனத்தின் பெயரை வைக்காமல், நிலச்சீர்கேட்டைத் தடுக்கும் திட்டம் என்றே பெயரிட்டார்கள். உலக சபையில் பிறந்த ஒரு சாஸ்திர வரையறையை ஊர் மண்ணுக்குத் தக்கபடி திருத்திக்கொள்ளும் துணிவு எல்லாக் கந்தோர்களிலும் காணக்கிடைப்பதன்று.

விஞ்ஞானிகளின் வாக்கு அரசாங்கக் கட்டளையாக மாறும் வழக்கம் இம்மலைநாட்டுக்குப் புதிதுமன்று. இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவுக்குத் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கர், இலங்கையின் மலைக்காடுகளைக் காப்பாற்ற வேண்டிய அவசியத்தை 1873இல் பிரித்தானிய அரசாங்கத்துக்கு எடுத்துரைத்ததன் பயனாக, 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுதல் ஆகாது என்று நிர்வாகக் கட்டளை பிறந்தது. பீதுருதாலகாலைச் சாரலிலும் ஹோட்டன் சமவெளியிலும் இன்று நாம் காணும் மேகக்காடுகள் நிலைத்திருப்பதற்கு அந்த ஒற்றை வரி முக்கிய காரணம். அதன் சிறப்பு அதன் எளிமையிலே இருக்கிறது. காட்டிலாகா உத்தியோகத்தன் மண்ணைச் சோதிக்க வேண்டியதில்லை, மழையை அளக்க வேண்டியதில்லை; உயரம் தெரிந்தால் போதும், அனுமதிக்கலாமா கூடாதா என்று அவனே சொல்லிவிடலாம். ஆயின் அந்தக் கோடு யாருடைய தலைக்கு மேலே இழுக்கப்பட்டது என்பதையும் பார்க்கவேண்டும். கண்டி நகரம் 1600 அடி உயரத்தை அடுத்துக் கிடப்பது. நகரத்தைக் குனிந்து பார்க்கும் ஹந்தானை மலையின் உச்சிகூட 5000 அடியை எட்டுவதில்லை. கம்பளையிலும் ஹங்குராங்கெத்தையிலும் ஹேவாஹெட்டையிலும் கோப்பிக்காகக் காடுகள் ஏற்கெனவே அழிந்திருந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைக் கொன்ற பின் அதே வெற்றுச் சரிவுகளிலே தேயிலை ஏறியது. மலையின் தலை காப்பாற்றப்பட்டது. அதன் இடுப்பு தோட்டக்காரருக்கு விடப்பட்டது. இந்த இடுப்புப் பகுதியைத்தான் நாம் நடுநாடு என்கிறோம்.

நடுநாட்டின் மண்ணைப் பற்றி நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1931இல் மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த குழுவின் அறிக்கை அரசாங்க வெளியீடாக வந்தது. அதே காலத்தை ஒட்டி ஹாலந்து, ஜோக்கிம் என்னும் இருவர் பேராதனையிலே சரிவில் பாத்தி வகுத்து, மழைநீர் அடித்துக்கொண்டு வந்த மண்ணைக் கீழே பிடித்து நிறுத்துக் கணக்கெடுத்தார்கள். இவற்றின் தொடர்ச்சியாகவே 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது என்று கொள்வதில் தவறில்லை. அச்சட்டத்தை முதன்முறை படித்தபோது எனக்கு உண்டான வியப்பை மறைக்க மாட்டேன். அரிப்புக்குள்ளாகும் பிரதேசங்கள் இன்னவையென அமைச்சர் பிரகடனம் செய்யலாம். நிலத்துக்குரியவர் இன்னின்ன காப்பு வேலைகளைச் செய்யவேண்டும் என்று விதிக்கலாம். இவற்றோடு, மண்ணரிப்புக்கு ஏதுவாகும் களையெடுப்பையே தடைசெய்யவோ கட்டுப்படுத்தவோ செய்யலாம். களையெடுப்பு! அணைக்கட்டையும் காட்டையும் பற்றிப் பேசவேண்டிய பாராளுமன்றச் சட்டமொன்று, புல் பிடுங்கும் வேலை வரை இறங்கி வந்திருக்கிறது என்றால், அதை வரைந்தவர்களுக்குக் காரியத்தின் மர்மம் தெரிந்திருந்தது என்றுதான் பொருள்.

மர்மம் இதுதான். தோட்டம் என்றால் தேயிலைத் தூருக்கும் தூருக்கும் இடையே ஒரு புல்லும் தெரியலாகாது, செம்மண் துலக்கி வைத்த செப்புக்குடம்போல் இருக்கவேண்டும் என்பது கோப்பிக்காலத்துத் துரைமார் வளர்த்த அபிமானம். அந்த அபிமானத்துக்கு வாய்த்த ஆயுதம் சுரண்டி. தோட்டத்து ஆங்கிலமே அச்சொல்லைத் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டது. வளைந்த தகட்டை மண்ணிலே பதித்து இழுத்தால் களை வேரோடு வரும். களையோடு மண்ணின் மேற்றோலும் வரும். அடுத்த மழைக்கு அந்தத் தோல் கானில் இறங்கி, கான் ஓடையில் இறங்கி, ஓடை மகாவலியில் இறங்கும். கனமழைக்கு மறுநாள் கெட்டம்பேயில் நின்று ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அதன் நிறத்தை நான் விவரிக்கவேண்டியதில்லை.

இந்த இழப்புக்குப் பின்வந்த ஆராய்ச்சியாளர் எண்களும் கொடுத்தார்கள். காப்பு வேலை எதுவும் இல்லாத பழைய விதைத் தேயிலையில் ஹெக்டயருக்கு ஆண்டொன்றில் 40 தொன், இடைவலயச் சரிவிலே புகையிலை பயிரிட்டால் 70 தொன், பலாவும் கமுகும் கராம்பும் சாதிக்காயும் ஓங்க, அவற்றின்மேல் மிளகு படர, அடியிலே கோப்பியும் வாழையும் கிழங்கும் நெருங்கிக் கிடக்கும் கண்டிய வீட்டுத்தோட்டத்திலோ 0.05 தொன். தேயிலைக்கும் வீட்டுத்தோட்டத்துக்கும் எண்ணூறு மடங்கு வித்தியாசம். கொள்கை வகுப்போரை அசைப்பதற்கு இதைவிடக் கூர்மையான அத்தாட்சி வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நான் சற்றுத் தயங்குகிறேன். சிறு பாத்தியொன்றின் அடியிலே பிடித்த மண்ணை நிறுத்து, அதை மலை முழுவதற்கும் பெருக்கிவிடுவது சரியான கணிதமாகாது. மேலே கழன்ற மண் கீழே ஒரு மடிப்பிலோ கல்வரப்பின் ஓரத்திலோ தங்கிவிடுவதும் உண்டு. 1980களில் வழக்கத்துக்கு வந்த இவ்வெண்கள், எந்தச் சரிவில், எந்த மழையில், எத்தனை ஆண்டு அளந்தவை என்ற விவரங்களை வழியிலே உதிர்த்துவிட்டு, அறிக்கையிலிருந்து அறிக்கைக்குத் தாவிக்கொண்டிருக்கின்றன. அளப்பதற்குப் பிரயாசைப்பட்டவர்களின் குற்றம் அன்று இது. அளந்ததை மீண்டும் அளக்கச் செலவிடாதவர்களின் குற்றம். அன்றியும், எண்ணூறு மடங்கு நற்பெயர் பெற்ற அந்த வீட்டுத்தோட்டத்தை எந்தத் திணைக்களமும் வகுத்துக் கொடுக்கவில்லை என்பதையும், அதற்கு உரியவன் அதிலேயே குடியிருக்கிறான் என்பதையும் எந்த அட்டவணையும் சொல்வதில்லை.

அரசாங்கத்தின் காதில் மண்ணின் ஓலம் உள்ளபடியே விழுந்தது தேயிலை மலையிலிருந்து அன்று, நீர்த்தேக்கத்திலிருந்து. நகரத்துக்குப் பக்கத்திலுள்ள பொல்கொல்லை அணை 1976இல் இயங்கத் தொடங்கியது. 1988 ஆகும்போது, அதாவது 12 ஆண்டுகளிலே, அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 44 சதவீதத்தை வண்டல் பிடித்துக்கொண்டது. விக்டோரியா, கொத்மலை அணைகளும் 1985இல் எழுந்துவிட்ட வேளை. கடன் கொடுத்த நாடுகளும் கவலைப்படத் தொடங்கின. மேல் மகாவலி நீரேந்துப் பிரதேசத்துக்கென்று நிலப்பயன்பாட்டு வரைபடங்களும் முகாமைத் திட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் கணக்கு வைத்த இடம் கவனிக்கத்தக்கது. இழந்த மண் மின்சாரத்துக்கு என்ன கேடு செய்யும் என்பது கணக்கிடப்பட்டது. அதே மண்ணை இழந்த மலையில் கொழுந்து எவ்வளவு குறையும், கொழுந்து குறைந்தால் நாட்சம்பளக்காரியின் கூடையில் என்ன மிஞ்சும் என்பது அந்த அக்கறையோடு கணக்கிடப்படவில்லை.

1951ஆம் ஆண்டுச் சட்டம் பேசுவது நிலத்துக்குரியவரோடு. நடுநாட்டிலே நிலத்துக்குரியவர் யார்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போனபோது, கண்டியைச் சூழ்ந்த நலிந்த தோட்டங்கள் பல அரசாங்க நிறுவனங்களின் பொறுப்பிலேயே தங்கிவிட்டன. அரசாங்கத்தின் வலக்கை இடக்கைமேல் வழக்குத் தொடுத்த வரலாறு எங்கும் அபூர்வம். 1996இல் சட்டம் திருத்தப்பட்டு அதிகாரங்கள் விரிந்தன; ஆனால் உரிமையாளனையும் தாண்டி, கருவியைப் பிடித்த கையோடு பேசும் வழியை அது கண்டுபிடிக்கவில்லை.

இதனிடையே சுரண்டியை ஓரளவு மூலையில் வைத்தது சட்டமன்று, களைகொல்லி. கிளைபோசேற்றைத் தெளித்தால் களை நின்றபடியே கருகும். அதன் வேர் இறந்த பின்னும் சில காலம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். உலர்வலயத்துச் சிறுநீரக நோயைப் பற்றிய அச்சத்தினால் 2015இல் அதற்குத் தடை வந்தது. தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் 2018இல் தளர்ந்தது. நஞ்சுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தெளிப்பவர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பம்பைச் சுமந்து மலையேறுவதைப் பார்த்தவன் அப்படிச் செய்யமாட்டான். என் விசாரம் வேறு. அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்டபோது நோயின் சாஸ்திரமே பேசியது, அதுவும் முடிவுகாணாத நிலையில். மண்ணின் சாஸ்திரத்தை யாரும் கூப்பிடவில்லை. களைகொல்லி போனவுடன் மலையில் ஆள் குறைவு, புல் அதிகம், கைக்கு எட்டியது சுரண்டி. 2021இல் இரசாயனப் பசளை முழுவதையும் ஒரே வீச்சில் நிறுத்தியபோதோ, பேராதனை விவசாய பீடத்தைச் சேர்ந்தவர்கள் விளைவுகளை முன்கூட்டியே எடுத்துச் சொல்லியும் கேட்கப்படவில்லை; அதே ஆண்டு நவம்பரிலே தடை பின்வாங்கப்பட்டது. பல்கலைக்கழகமும் விவசாயத் திணைக்களத் தலைமையகமும் பேராதனையிலேயே இருக்கின்றன. சொல் போய்ச்சேராததற்குத் தூரம் காரணமன்று.

எல்லாம் தோல்வி என்று எழுதிவிட்டால் அது திறனாய்வாகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து வரைந்துவரும் மண்சரிவு அபாய வரைபடங்களும், சரிவிலே வீடு கட்டுமுன் அதன் சான்று வேண்டும் என 2011இல் பத்து மாவட்டங்களுக்கு வந்த விதியும், 5000 அடிக் கோட்டைப்போலவே எளிமையால் வலிமை பெற்றவை: ஒரு கேள்வி, ஒரு கடதாசி, பிரதேச சபையின் மேசையிலே முடிவு. ஆனால் வரைபடம் சிவப்பாகக் காட்டும் சரிவிலே நூறு வருஷமாய் நிற்கும் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு எந்தச் சான்றைக் கேட்பது? 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயலில் கண்டி மாவட்டமும் பெருந்தொகையாக உயிர்களை இழந்தது. அபாயம் தெரியாததனால் மட்டும் அங்கே இருந்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது உலகம் கையிலெடுத்திருக்கும் அளவுகோல் நிலச்சீர்கேட்டின் சமநிலை என்பது: நிலப்போர்வை, நிலத்தின் விளைதிறன், மண்ணிலுள்ள அங்ககக் கரிமம் என்ற மூன்றையும் கணக்கிட்டு, கெட்டது எவ்வளவோ அவ்வளவு நிலத்தைத் தேற்றவேண்டும் என்பார்கள். முதலிரண்டையும் வானத்துச் செய்மதியே பார்த்துவிடும். பாலைநிலத்துக்கு இது உத்தமமான கண். ஹந்தானையில் முன்னர் மண்ணைக் காக்கவென்று நட்ட பைன் மரங்களின் கீழே வேறு செடி கிளம்பாமல் ஊசியிலை மெத்தையும் கோடைத் தீயுமே மிஞ்சியிருப்பதை அந்தக் கண் காடு என்று எழுதிக்கொள்ளும். வேர் வெளிப்பட்டு மெலிந்த தேயிலையும், அதை மூடி வளர்ந்த மானாப்புல்லும் அதற்குப் பச்சையே.

கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் கெட்டுப்போன விவசாய நிலங்களைத் தேற்றுவதற்கென 2016ஐ ஒட்டி உணவு விவசாய நிறுவனம் தொடங்கிய திட்டம், தோட்டத்துக்குள்ளேயே இறங்கி, கல்வரப்பும் கிளிரிசீடியா வேலியும் கான் திருத்தமும் செய்து காட்டியது. அத்தகைய வேலைகளில் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் திட்டத்துக்கு முடிவுத் திகதி இருக்கிறது, சுரண்டிக்கு இல்லை.

சில காலத்துக்கு முன் நகரத்தை அடுத்த ஒரு தோட்டத்திலே, பெயர் வேண்டாம், நடந்துகொண்டிருந்தேன். ஒரு தேயிலைத் தூரின் தண்டிலே, தரைக்கு ஒரு சாண் உயரத்தில், மேலே பாசிச் சாம்பலும் கீழே வெளிர் மஞ்சளுமாக ஒரு கோடு ஓடியது. முன்பு மண் நின்ற மட்டம் அது. இப்போது வேர்கள் விரல்களைப்போல் பூமியைக் கவ்விக்கொண்டு, செடி காலூன்றி நிற்பதாகவே தோன்றியது. பக்கத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாள் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"புல்லை மட்டும் வெட்டினால் போதாதா, அம்மா?" என்று கேட்டேன்.

"மண்ணு செவப்பா தெரியணும் ஐயா. பச்ச தெரிஞ்சா கணக்கப்பிள்ளை அரைநாள் பேருதான் போடுவாரு."

"மண் போய்விடுகிறதே?"

"போவுதுதான். எங்களுக்குத் தெரியாமயா?" என்றார்.

பிறகு மேற்பாதையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சுரண்டிச் சேர்ந்திருந்த மண்ணை இடது காலாலே அந்தத் தூரின் வேரடிக்குத் தள்ளி, குதிகாலால் இரண்டு மிதி மிதித்துவிட்டு, அடுத்த தூருக்குப் போனார்.