செர்பிகோ: வாங்க மறுத்தவரும் உடன் நின்றவர்களும்

சிட்னி லூமெட் இயக்கத்தில் 1973 டிசம்பரில் வெளிவந்த ‘செர்பிகோ’, ஊழலை எதிர்த்துப் போராடிய ஒரு காவலரின் கதை என்றே பொதுவாக அறியப்படுகிறது. கூர்ந்து பார்த்தால் அது போராடியவரின் கதை அன்று. வாங்க மறுத்தவரின் கதை. இவ்விரண்டும் ஒன்றல்ல. நியூயார்க் காவல்துறையில் பணியாற்றிய ஃபிராங்க் செர்பிகோவின் அனுபவங்களைப் பீட்டர் மாஸ் நூலாக்கினார். நூல் வெளிவந்த அதே ஆண்டில் அல் பசினோவின் நடிப்பில் அது படமாகவும் வந்துவிட்டது.

படம் தொடங்கும்போதே முகத்தில் குண்டு பாய்ந்த செர்பிகோவை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறார்கள். சுட்டது போலீஸ்காரரா என்ற கேள்விதான் காவல் நிலையத்தில் முதலில் எழுகிறது. குற்றவாளியை யாரும் முதலில் நினைக்கவில்லை. ஒரு துறையின் நோயை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

அதன் பிறகு கதை பின்னோக்கிச் சென்று ஓர் உணவகத்தில் நிற்கிறது. புதிதாகப் பணியில் சேர்ந்த செர்பிகோ தமக்குப் பிடித்த கறியைக் கேட்கிறார். கொடுத்ததைச் சாப்பிடு என்கிறார் உடனிருக்கும் மூத்த காவலர். உணவு இலவசம், கடைக்கு வரும் வண்டிகள் விதியை மீறி நிற்பதைக் காவலர்கள் கண்டுகொள்வதில்லை. பார்வையாளர் சிரித்துவிட்டுக் கடந்துவிடக்கூடிய காட்சிதான். பின்னர் நகரின் காவல்துறையை விசாரித்த நாப் ஆணையம் ஊழல் காவலர்களை இரு வகையாகப் பிரித்தது: வேட்டையாடித் தின்னும் இறைச்சி உண்ணிகள், எதிரே கிடைத்ததை மேயும் புல் உண்ணிகள். சிக்கலின் மையம் இரண்டாம் வகையினரே என்று ஆணையம் கருதியது. ஊழலுக்கு மரியாதையைத் தேடித் தருபவர்கள் அவர்கள்தாம். லூமெட் அந்த உணவகத்திலிருந்து தொடங்கியது தற்செயல் அன்று.

அரபியில் கையூட்டை ‘ரிஷ்வத்’ என்பர். வாளியைக் கிணற்று நீருக்கு இறக்கும் கயிற்றுக்குப் பெயர் ‘ரிஷா’. இவ்விரு சொற்களையும் மொழியறிஞர்கள் தொடர்புபடுத்துவதுண்டு. கயிறு நீரை எட்டுவதுபோலப் பணம் காரியத்தை எட்டுகிறது என்பது பொருள். லூமெட் காட்டும் கயிற்றுக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. அது வாங்குபவர்களை ஒருவரோடொருவர் பிணைக்கிறது. சூதாட்டக்காரர்களிடம் மாதந்தோறும் திரட்டும் பணத்தில் ஆளுக்கு 800 டாலர் பங்கு. வேண்டாம் என்கிறார் செர்பிகோ. அப்படியானால் உன் பங்கை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்கிறார் சகா. பணத்தைத் தொடாத காவலரை எப்படி நம்புவது என்பதே அவர்களுடைய கவலை. காவலர் ஒருவரைக் கொன்று சிறை சென்று மீண்ட சூதாட்டக்காரன் கோர்சாரோவோ காவல் நிலையத்தில் அவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். நம் ஆளைக் கொன்றவன் நண்பன். நம்மோடு பங்கு பெறாதவன் பகைவன்! செர்பிகோ கோர்சாரோவை உடை களைந்து சோதித்துக் கூண்டில் அடைக்கும்போது பசினோ வெளிப்படுத்தும் வெறியை மிகை என்று சொல்ல மனம் வரவில்லை.

இவ்வளவு நுட்பமான படம் ஓரிடத்தில் அநீதி செய்கிறது. செர்பிகோ தனியாளாக இருக்கவில்லை. அவரை மேயர் அலுவலகம்வரை அழைத்துச் சென்றவர் சக காவலரான டேவிட் டர்க். எல்லாக் கதவுகளும் மூடிய பிறகு பத்திரிகையை நாடும் வழியைத் திறந்தவரும் அவரே. உயரதிகாரியான பால் டிலீஸ் தம் பதவியைப் பணயம் வைத்து அவர்களுடன் சென்றார். 1970 ஏப்ரல் 25 அன்று டேவிட் பர்ன்ஹாமின் செய்தி ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் வந்தது. அவ்வாண்டே மேயர் லிண்ட்சே நாப் ஆணையத்தை அமைத்தார். படத்தில் டர்க்கின் இடத்தில் பாப் பிளேர் என்ற கற்பனைப் பெயருடைய ஒருவர் வருகிறார். செல்வாக்குள்ள, பேச்சு வன்மையுள்ள, கொஞ்சம் ஏமாற்றமளிக்கும் நண்பர். டிலீஸுக்கு ஈடான பாத்திரத்துக்கும் சில காட்சிகளே கிடைக்கின்றன. தாடியும் நாயும் மாறுவேடங்களும் கொண்ட ஒற்றை மனிதரைத் திரை விரும்புகிறது. மிக்கிஸ் தியோடொராகிஸின் உருக்கமான இசையும் அவரை மேலும் தனிமைப்படுத்துகிறது. விளைவு என்ன? நேர்மை என்பது விசித்திரமான ஒருவருக்கு வாய்த்த பிறவிக் குணம் என்று எண்ணிப் பார்வையாளர் நிம்மதியாக வீடு திரும்பலாம். மூவர் சேர்ந்து செய்தார்கள் என்றறிந்தால் அந்த நிம்மதி கிட்டாது. நான்காமவராக நாம் ஏன் இல்லை என்ற கேள்வி எழுந்துவிடும்.

லூமெட்டுக்கே இதில் நிறைவில்லை என்று ஊகிக்க இடமுண்டு. 1981இல் ‘பிரின்ஸ் ஆஃப் தி சிட்டி’ படத்தில் அதே நகரின் அதே காவல்துறைக்கு அவர் திரும்பினார். ராபர்ட் லூசி என்ற காவலரின் வாழ்க்கையைத் தழுவிய அப்படத்தின் நாயகன் தானும் கறைபட்டவன். உண்மையைச் சொல்லத் தொடங்கித் தன் கூட்டாளிகளையே காட்டிக்கொடுக்க நேர்ந்தவன். அங்கே சாய்ந்துகொள்ளப் புனிதர் யாருமில்லை. செர்பிகோவின் புகழ் அதற்குக் கிட்டவில்லை என்பதில் வியப்பில்லை.

1971 பிப்ரவரியில் புரூக்ளினில் போதைப்பொருள் வழக்கில் ஒருவரைப் பிடிக்கச் சென்றபோது செர்பிகோ சுடப்பட்டார். படத்தில் கதவிடுக்கில் சிக்கித் தவிக்கும் அவர் உதவிக்கு அழைக்கிறார். உடன் வந்தவர்கள் தயங்கி நிற்கிறார்கள். இறுதிக் காட்சியில் நாயுடனும் மூட்டையுடனும் கப்பலுக்குக் காத்திருக்கிறார். பதவி விலகலையும் வீரப் பதக்கத்தையும் திரையில் எழுத்துகள் அறிவிக்கின்றன. அப்பதக்கம் எந்தச் சடங்குமின்றி அவர் கையில் கொடுக்கப்பட்டது. அதற்குரிய சான்றிதழ் அவருக்கு வந்து சேர்ந்தது 2022இல்.