850 சொற்களும் எண்ணிறந்த பொருள்களும்

ஆங்கிலம் கற்கும் மாணவன் அஞ்சுவது நெடிய சொற்களைக் கண்டே. ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்பதைக் கண்டு மலைத்து நிற்கும் அவன், ‘ரன்’ என்னும் குறுஞ்சொல்லைக் கண்டு முறுவலிக்கிறான். உண்மையில் அவன் அஞ்ச வேண்டியது பின்னதற்கே. முன்னதற்குப் பொருள் ஒன்று. ஒருமுறை கற்றால் போதும். பின்னதோ இடத்துக்கு இடம் வேடம் மாற்றும் கூத்தனைப் போன்றது. குதிரை ஓடினாலும் ‘ரன்’. மூக்கு ஒழுகினாலும் ‘ரன்’. எந்திரம் இயங்கினாலும், ஒருவர் கடை நடத்தினாலும், துணியின் சாயம் கரைந்தாலும் அதே ‘ரன்’. அமெரிக்க நாட்டார் தேர்தலில் ‘ஓடு’கின்றனர், ஆங்கிலேயரோ தேர்தலில் ‘நிற்’கின்றனர்.

இவ்வியல்பு ஆங்கில அகராதி வல்லார்க்கு நெடுங்காலமாகத் தெரிந்ததே. டாக்டர் சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில் ‘டேக்’ என்னும் ஒரு சொல்லுக்கே 134 பொருள்கள் காட்டினார். ‘கெட்’, ‘கிவ்’, ‘புட்’, ‘செட்’, ‘ரன்’ போன்ற வினைகளின் பொருளை வரையறுப்பதன் அருமையைத் தம் முன்னுரையில் எடுத்துக் கூறி வருந்தவும் செய்தார். 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928-இல் முற்றுப்பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் மிக நீண்ட இடம் பெற்ற சொல் ‘செட்’. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் அதற்கே முதலிடம்; அவ்வினைக்கு மட்டும் 430-க்கு மேற்பட்ட பொருள்கள் கூறப்பட்டன. அகராதியைத் திருத்தி எழுதும் பணியில், 2011-இல் ‘ரன்’ என்னும் வினை 645 பொருள்களோடு அதனை முந்தியது.

இவ்வளவு பொருள்களைச் சிறு சொற்கள் சுமப்பதற்குக் காரணம் என்ன? அவை பெரும்பாலும் மொழியின் பழஞ்சொற்கள். அன்றாட வாழ்வில் ஓயாது வழங்குபவை. வழங்க வழங்கப் பொருள் விரிவது சொல்லின் இயல்பு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர்ப் பிரெஞ்சுச் சொற்கள் அரசிலும் வழக்குமன்றத்திலும் இடம்பெற்றன. வீட்டிலும் வயலிலும் பழஞ்சொற்களே நிலைத்தன. வினைக்கு முன்னொட்டுச் சேர்த்துப் புதுப்பொருள் தரும் பழைய முறை தளர்ந்தது. வினைக்குப் பின் ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ போன்ற சிறு சொற்களைச் சேர்க்கும் முறை வளர்ந்தது. சொல்லீறுகள் தேய்ந்தமையால் பெயரும் வினையும் ஒரே வடிவு பெற்றன. வெவ்வேறு ஊற்றில் பிறந்தவையும் ஒன்றாய்க் கலந்தன. ‘வைத்தல்’ என்னும் பொருளுடைய ‘செட்’ பழைய ஆங்கிலச் சொல். ‘தொகுதி’ என்னும் பொருளுடைய ‘செட்’ இலத்தீனத்திலிருந்து பிரெஞ்சின் வழியே வந்தது. இன்று இரண்டையும் வடிவு கொண்டு பிரித்தறிதல் இயலாது.

இந்நிலையை மனத்துட் கொண்டே, சி. கே. ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1930-இல் உலகுக்கு வழங்கிய ‘அடிப்படை ஆங்கில’த் திட்டத்தை மதிப்பிடல் வேண்டும். 850 சொற்களே போதும் என்றார் அவர். அவற்றுள் 600 பொருட்பெயர்கள். 150 பண்புச் சொற்கள். எஞ்சிய 100 தொழிற்படு சொற்கள். வினைகள் என எண்ணத்தக்கவை 18 மட்டுமே. ‘நுழைதல்’ என்பதற்குத் தனி வினை வேண்டா, ‘கோ’ என்பதனோடு ‘இன்’ சேர்த்தால் போதும் என்பது அவர் வழி. 850 சொற்களையும் ஒரே தாளில் அச்சிட்டுக் காட்டினர். ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் போன்ற திறனாய்வாளர் இதனை ஆதரித்து உழைத்தனர். 1943-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய சர்ச்சிலும் இதனைப் பாராட்டினார். 1949-இல் விவிலியம் முழுவதும் இவ்வாங்கிலத்தில் வெளிவந்தது; அதற்காகச் சேர்த்த சிறப்புச் சொற்கள் 150 மட்டுமே.

இத்திட்டத்தின் நன்மையை மறைத்தல் நேர்மையன்று. ஆங்கிலத்தின் முதுகெலும்பு எங்கே இருக்கிறது என்பதை ஆக்டன் சரியாகவே கண்டார். தேவையற்ற ஆடம்பரச் சொற்களை நீக்கினாலும் கருத்துத் தெளிவாக நிற்கும் என்பதையும் மெய்ப்பித்தார். எழுதுவோர்க்கு இஃது ஒரு நல்ல பயிற்சியே.

ஆயின், கற்போர்க்கு? ஆக்டன் எண்ணியது சொல் வடிவங்களை. மாணவன் கற்க வேண்டியது சொற்பொருள்களை. ‘புட்’, ‘அப்’, ‘வித்’ ஆகிய மூன்றும் அவர் பட்டியலில் உள்ளவை. மூன்றையும் தனித்தனியே நன்கறிந்த ஒருவன், அவை சேர்ந்தால் ‘பொறுத்துக்கொள்ளுதல்’ என்று பொருள்படும் என்பதை எவ்வாறு உய்த்துணர்வான்? ‘டாலரேட்’ என்னும் ஒரு சொல்லைக் கற்பதே அவனுக்கு எளிது. ஒரு சொல்லை நீக்கி மூன்று சொற்களின் புதுப்பொருளைச் சுமத்துவது சுமையை இறக்குவது ஆகாது. தோள் மாற்றுவதே ஆகும்.

இதனை ஆக்டன் அறியாதவர் அல்லர். 850 சொற்களும் எவ்வெப் பொருளில், எவ்வெத் தொடரில் வரலாம் என்பதை விளக்க 1932-இல் தனி நூலே வெளியிட்டார். திட்டத்தின் மெலிவு வெளிப்படுவதும் இங்கேதான். சொற்கள் ஒரு தாளில் அடங்கின, பொருள்கள் அடங்கவில்லை. 850 என்னும் எண்ணைக் கேட்டு எளிது என நம்பி வந்த அயல்மொழி மாணவன், கால்வழி நடந்த பின்னரே பாதையின் நீளத்தை அறிகிறான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையவர்க்கு இந்த இடர் தோன்றாது. பொருள்கள் அனைத்தும் அவர்க்குப் பாலொடு வந்தவை. யாருக்கு உதவத் திட்டம் எழுந்ததோ அவரே அதன் சுமையைத் தாங்க நேர்ந்தது.

வங்காளத்தில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுப் பயன் சொற்பட்டியல் இவ்வகையில் மேம்பட்டது. ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட அப்பட்டியல், ஒவ்வொரு சொல்லும் எந்தப் பொருளில் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்பதையும் காட்டியது. எதை முதலில் கற்பிப்பது, எதை ஒத்திவைப்பது என ஆசிரியர் முடிவு செய்ய அது வழிகாட்டிற்று. அதன் கணக்கீடு பழையதாகிவிட்டது உண்மையே. எனினும் அதன் நெறி பழைமையுறவில்லை. பின்னாளில் பொருளை விட்டு வடிவத்தை மட்டும் எண்ணிய பட்டியல்கள், ஆக்டன் செய்த பிழையையே மீண்டும் செய்தன.

தமிழர்க்கு இச்சிக்கல் புதியதன்று. ‘விடு’, ‘கொள்’, ‘போடு’ என்னும் வினைகள் தமிழ் கற்கும் வெள்ளையரை வருத்துமாறு சிறிதன்று. ‘எழுதிவிட்டான்’ என்பதில் யாரை விட்டான், ‘படுத்துக்கொண்டான்’ என்பதில் எதைக் கொண்டான் என அவர் வினவினால், ‘புட் அப் வித்’ என்பதன்முன் நம் மாணவன் படும் பாடு விளங்கும். சூடாமணி நிகண்டின் பதினொராம் தொகுதி ஒருசொற் பல்பொருட்கென்றே அமைந்தது. தொல்காப்பியரோ பலபொருள் ஒருசொல்லைத் தொகுப்பதோடு நில்லாது, அதன் பொருளைத் தெளியும் வழியும் கூறினார். உடன்வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் துணியப்படும் என்பது அவர் கொள்கை. ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு.

ஆங்கிலப் பாடநூல் எழுதுவோரும் சொற்பட்டியல் வகுப்போரும் நினைவிற் கொள்ள வேண்டியது இதுவே. சார்பை நீக்கிச் சொல்லை மட்டும் கொடுப்பது, பூட்டைக் காட்டாமல் சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பது போலாம். ஒரு மாணவன் எத்தனை சொற்கள் அறிவான் எனத் தேர்வில் கேட்பதினும், ‘ரன்’ என்னும் ஒரு சொல்லை எத்தனை இடத்தில் பிழையின்றிப் பொருள் கொள்வான் எனக் கேட்பது அவன் ஆங்கில அறிவை உள்ளவாறு அளந்து காட்டும்.