திரைக்குள் ஓர் ஊர்

கணினித் திரைக்குள் இருக்கும் ஊரில் தங்கி அதன் மக்களை ஆராய முடியுமா? முடியும் என்கிறார் அமெரிக்க மானிடவியலார் டாம் போல்ஸ்டார்ஃப். 2003-இல் தொடங்கிய 'செகண்ட் லைஃப்' என்னும் கணினி உலகில் 2004 முதல் 2007 வரை களப்பணி செய்து, 2008-இல் 'கமிங் ஆஃப் ஏஜ் இன் செகண்ட் லைஃப்' என்ற நூலை வெளியிட்டார்.

அங்கு வென்று முடிக்க வேண்டிய ஆட்டம் எதுவுமில்லை. வருகிறவர் தமக்கென ஓர் உடலை அமைத்துக்கொள்கிறார். அதற்குப் பெயர் 'அவதார்', நமது அவதாரமேதான்! ஆண் பெண்ணாகலாம், பெண் ஆணாகலாம். ஆசிரியரும் ஓர் உடல் பூண்டு, வீடு கட்டிக் குடியிருந்தார். பழகியவர்கள் வெளியுலகில் யார் என்று அவர் தேடிச் செல்லவில்லை. அவ்வுலகை அதற்குள் நின்றே அறியவேண்டும் என்பது அவர் கொள்கை.

மாணவர்களே, இதை எளிதில் தள்ளிவிடாதீர்கள். சீராக ஓடும் ரயிலுக்குள் உருளும் பந்தின் இயக்கத்தை ரயிலை வைத்தே கணக்கிடுகிறோம் அல்லவா? ஆனால் ரயில் பிரேக் போட்டதும் பந்து தானாக முன்னே ஓடும். காரணம் பெட்டிக்குள் இல்லை.

தன்பால் ஈர்ப்பை வீட்டில் மறைத்து வாழும் ஒருவர் திரைக்குள் வந்து மனம்விட்டுப் பேசுகிறார் என்று கொள்வோம். வெளியே அவர் யாருக்கு அஞ்சுகிறார் என்று தெரியாமல் அப்பேச்சை எப்படி எடைபோடுவது? நூலின் குறை இதுதான். வியப்பு என்னவென்றால், இவரே 2005-இல் இந்தோனேசியாவைப் பற்றி எழுதிய 'தி கே ஆர்க்கிபெலகோ'வில் இக்குறை இல்லை. 'கே', 'லெஸ்பி' என்ற சொற்களைப் பத்திரிகைகள் முதலியவற்றில் கண்டு தம்மை அடையாளம் கண்டுகொண்டவர்கள், குடும்பத்தையும் திருமணத்தையும் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்று அதில் விரிவாகக் காட்டுகிறார். இரண்டில் ஒன்றைப் படிக்கத்தான் நேரம் உண்டென்றால், அந்த நூலையே எடுங்கள்.