முத்துக்குத் துளையிட்ட வில்

முத்துக்குளிப்பு என்றாலே எல்லோரும் குளியாளைத்தான் புகழ்வார்கள். புகழட்டும், உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவன் அவன். ஆனால் அவன் கொண்டுவந்த முத்து, துளை விழும்வரை உள்ளங்கையில் உருளும் ஒரு மணிதான். கழுத்துக்கு ஏற வேண்டுமானால் நூல் நுழைய வழி வேண்டும். அந்த வழியைத் திறந்தது ஒரு சின்ன மரவில். எனக்கு, எங்கள் தூத்துக்குடிக் கரையின் கருவிகளிலேயே அழகானது அதுதான்.

1800ஐ ஒட்டி மன்னார் வளைகுடாவின் சலாபங்களை, அதாவது முத்துக்குளிப்புகளைப் பார்த்த ஐரோப்பியர்களின் குறிப்புகளில் முத்துத் துளைக்கும் பட்டறை கண்முன் வருகிறது. 6 அங்குல உயரத்தில் தலைகீழ்க் கூம்பாக ஒரு மரக்கட்டை, அதற்கு மூன்று கால்கள். மேல்முகத்தில் பல அளவில் குழிகள். பெரிய முத்துகள் குழியில் உட்காரும். சின்னவற்றை மரச்சுத்தியலால் மெல்லத் தட்டிப் பதிப்பார்கள். முத்தின் மேல் துளையிடும் தமரூசி. ஊசியின் தலையில் உள்ள மரக்குமிழை இடக்கை அழுத்த, வலக்கை வில்லை முன்னும் பின்னும் இழுக்கும். பக்கத்தில் சிரட்டைத் தண்ணீர். இழுத்துக்கொண்டிருக்கும்போதே வலக்கையின் சுண்டுவிரல் தண்ணீரைத் தொட்டு முத்தை நனைக்கும்; வேலை தடைப்படாது. அந்தச் சுண்டுவிரலைப் பற்றிப் படித்த அன்றே வில் செய்து பார்க்கும் ஆசை எனக்கு வந்துவிட்டது.

தண்ணீர் ஏன் என்பது முத்தின் உடம்பைத் தெரிந்தால் புரியும். அது மெல்லிய சுண்ண அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இடையிடையே உயிர்ப்பசையால் ஒட்டியது. ஊசி சூடேறினால் பளபளப்பு போகும், அடுக்கு பெயரும்.

முதலில் பூவரசங் கிளையில் ஒரு வில் செய்தேன். கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. வளைவு அழகாக வரட்டும் என்று முதுகுப்பக்கத்தையும் சீவியிருந்தேன். மூன்றாவது இழுப்பில் அங்கேயே வெடித்தது. வில் வளையும்போது இழுபடுவது முதுகின் நார். அதை வெட்டிவிட்டால் பிடிப்பு ஏது? கத்தி படவேண்டியது வயிற்றுப்பக்கத்தில் மட்டும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த வயதான ஆசாரி புளியம் விளார் ஒன்றை எடுத்துவரச் சொன்னார். ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம், சுண்டுவிரல் பருமன், கணு இல்லாத துண்டு. பட்டையை உரித்து, கயிற்றால் வளைத்துக் கட்டி, நிழலில் காயப்போட்டேன். வெயிலில் போட்டால் நுனி பிளக்கும். காய்ந்தபின் உடைந்த கண்ணாடிச் சில்லால் வயிற்றுப்பக்கத்தைச் சுரண்டினேன். நாலு சுரண்டு, ஒரு வளைப்பு, சுவரில் கிழித்த கோட்டோடு ஒரு ஒப்பீடு. ஒரு பக்கம் விறைத்தால் அந்தப் பக்கம் இன்னும் நாலு சுரண்டு. இழைஇழையாக உதிரும் மரத்தூளின் புளிப்பு வாசம் இன்னும் என் விரலில் இருப்பதுபோல இருக்கிறது.

நாண் விஷயத்தில்தான் இந்த வில் மற்ற வில்களிலிருந்து பிரிகிறது. இதே தூத்துக்குடி மாவட்டத்தில் கோயில் கொடைகளில் ஒலிக்கும் வில்லுப்பாட்டின் வில்லுக்கு நாண் விறைத்து நிற்கவேண்டும். வீசுகோல் பட்டதும் மணிகள் குலுங்கவேண்டும். துளைவில்லின் நாணோ தொய்ந்து தொங்கவேண்டும். அந்தத் தொய்வில் ஊசித்தண்டை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் நாண் இறுகும். தொய்வு குறைந்தால் தண்டு துள்ளி எகிறும். கூடினால் நாண் வழுக்கும், தண்டு சுழலாது.

அப்படியும் என் ஊசி உதறியது. ஆசாரி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கைய இறுக்காதிய அண்ணாச்சி, வில்லு தன்னால வரும்" என்றார். நான் அவசரத்தில் அரைகுறையாக இழுத்துக்கொண்டிருந்தேன். நாணின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முழுதாக இழுத்ததும் உதறல் நின்றது. ஊசியிலிருந்து சீரான ஒரு முணுமுணுப்பு வந்தது.

தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு சலாபம் நடக்கவில்லை. முத்தில் கைவைக்கும் தகுதியும் எனக்கு இல்லை. வீட்டில் நெடுநாளாகக் கிடந்த முத்துச்சிப்பி ஓடு ஒன்றை எடுத்தேன். முத்தின் அதே பொருள்தான் அதன் உள்பூச்சு. நேராகத் துளைத்தால் ஊசி வெளிவரும் பக்கம் சில்லு பெயரும் என்பதால் தடித்த விளிம்பில் பாதிவரை துளைத்து, ஓட்டைத் திருப்பி மறுபக்கமிருந்து தொடங்கினேன். வெண்பால் போன்ற சேறு ஊசியைச் சுற்றித் திரண்டது. சுண்டுவிரல் சிரட்டைக்குப் போகும்போதெல்லாம் என் வில் நின்றுவிட்டது. அந்த வித்தை ஒரு நாளில் வருவதல்ல. திடீரென்று இடக்கைக்குக் கீழே ஊசி ஒரு நெல்லளவு இறங்கியது.

ஓட்டைக் கழுவி சன்னலுக்கு நேரே பிடித்தேன். இரண்டு துளைகளும் ஒரு மயிரிழை விலகிச் சந்தித்திருந்தன. முத்தாக இருந்திருந்தால் மாலையில் அந்த ஒரு மணி மட்டும் சாய்ந்து நின்றிருக்கும். ஓட்டை மறுபடி கட்டையில் பதித்து, முதல் துளைக்கு அருகிலேயே இன்னொன்றைத் தொடங்கினேன்.