பெரியகுளத்துப் பரதன்

2001 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஜெயலலிதா முதல்வர் பதவியை இழந்தார். அந்த இடத்துக்கு வந்தவர், அந்த ஆண்டுதான் பெரியகுளத்திலிருந்து முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குப் போன ஓ. பன்னீர்செல்வம். ஜெயலலிதா ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்று 2002 மார்ச்சில் திரும்பினார். பன்னீர்செல்வம் மறுபேச்சில்லாமல் நாற்காலியை ஒப்படைத்தார். அதிலிருந்து மேடைக்கு மேடை அவர் பரதன்தான்.

இந்த உவமையை எடுத்த எடுப்பில் கேலி செய்துவிட முடியாது. சட்ட நுணுக்கமெல்லாம் தெரியாதவருக்கும் நடந்ததை டீக்கடை பெஞ்சிலேயே புரியவைத்தது. வினை, பயன், மெய், உரு என்று தொல்காப்பியம் உவமைக்குச் சொல்லும் நான்கில், வினை கச்சிதமாகப் பொருந்தியது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நம் பேச்சாளர்களா நிறுத்துவார்கள்? பரதன் வந்தால் ராமன் வேண்டும், வனவாசம் வேண்டும். காட்டுக்கு அனுப்பியது இங்கே நீதிமன்றம். அப்படியானால் கைகேயி யார்? அவமதிப்பு வழக்குக்குப் பயந்தோ என்னவோ, அந்தப் பாத்திரத்தை மட்டும் காலியாகவே விட்டுவிட்டார்கள்.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். பரதன் என்றதுமே, பதவி பறிபோனது அநியாயம், திரும்பக் கொடுப்பதே தர்மம் என்ற தீர்ப்பும் சேர்ந்து வந்துவிடுகிறது. தண்டனை பெற்றவர் முதல்வராகலாமா என்ற கேள்விக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. 2014 செப்டம்பர் 29-ல் பன்னீர்செல்வம் கண்ணீரோடு மறுபடி பதவியேற்றபோதும் இதே கதைதான்.

2017 பிப்ரவரி 7 இரவு, மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன் தியானத்தில் அமர்ந்தார். தொடர்ந்தது 'தர்மயுத்தம்'. ராமாயணத்துப் பாத்திரம் ஒரே இரவில் மகாபாரதத்துக்கு மாற்றலானது. ஆகஸ்ட் 21-ல் கட்சியில் பிரிந்திருந்த இரண்டு அணிகளும் இணைந்தன. அவர் துணை முதல்வரானார். குருட்சேத்திரம் இப்படி முடிந்ததாக வியாசர் எழுதவில்லை.

அளவோடு நிற்கும் உவமையும் உண்டு. பெரியகுளம் இருக்கும் இதே மாவட்டத்தில் மேகமலை அருவியைச் சின்னச்சுருளி என்கிறார்கள். சுருளி அருவியைப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. சுருளிக்கு நிகர் என்று அந்தப் பெயர் மார்தட்டவும் இல்லை.

மேடையேறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரதனைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் அயோத்திக்கே அனுப்பிவிடுங்கள். குடும்பத்தோடு அழைக்காதீர்கள்.